கண்ணை மூடுங்க... கடல் எந்தப் பக்கம்?

பாண்டிச்சேரிக்கு டூர் வந்த எல்லாரிடமும் ஒரே ஆல்பம்தான் இருக்கும். மஞ்சள் சுவர். அதன் மேல் வழியும் காகிதப்பூ. நீலப் பலகையில் பிரெஞ்சுத் தெருப்பெயர். காந்தி சிலை. பின்னால் கடல். ஐந்தும் க்ளிக் ஆனதும், "மச்சி, ஊர் முடிஞ்சுது... சாப்பிடலாமா?"

இந்த வாரம் அதே ஊரை உங்களுக்கு வேறு மாதிரி சுற்றிக் காட்டப் போகிறேன். கேமரா வேண்டாம். செருப்பு மட்டும் நல்லதா போட்டுக்கோங்க. நமக்கு கைடாக வரப்போகிறவர் எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒரு அண்ணன். பிறவியிலேயே பார்வை கிடையாது. "பேரெல்லாம் போட்டுடாத தம்பி, நான் இதே ஊர்லதான் நடமாடணும்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் நமக்கு 'அண்ணன்' மட்டும்தான்.

அவரை எனக்கு எப்படித் தெரியும்? ஒரு செமஸ்டரில் அவர் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதித் தரும் ஸ்க்ரைபாகப் போயிருந்தேன். சங்க இலக்கியப் பேப்பர். மூன்று மணி நேரம் அவர் அருவி மாதிரி கொட்ட, நான் கை வலிக்க எழுதினேன். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "எழுத்துப் பிழை எத்தனை விட்ட?" என்று கேட்டார். அன்றைக்கே ஃப்ரெண்ட் ஆகிவிட்டோம்.

நான் அவரைத் தேடி மறுபடி போனதற்குக் காரணம் வேறு. என் கையில் ஒரு குச்சி இருந்தது.

பரிசு வாங்கிய குச்சி

நீங்க இன்ஜினீயரிங் மாணவர் என்றால் அந்தக் குச்சியை உங்களுக்கும் தெரியும். எல்லா காலேஜிலும், எல்லா வருஷமும், யாராவது ஒரு டீம் அதைச் செய்திருக்கும். பிளாஸ்டிக் பைப், அதில் ஒரு அல்ட்ராசானிக் சென்ஸார், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. பெயர் 'ஸ்மார்ட் ஸ்டிக்'.

வேலை செய்யும் விதம் சிம்பிள். சென்ஸார், காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை முன்னால் அனுப்பும். எதிரே ஏதாவது இருந்தால் ஒலி மோதித் திரும்பும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். இரண்டு மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் எதிரொலி திரும்ப ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டு பஸ்ஸரை அலற விட்டால் முடிந்தது.

எங்கள் டீம் அதைத்தான் செய்தது. டெமோவுக்கு ஒரு நண்பன் கண்ணில் கர்சீப் கட்டி, ஹாலில் நாற்காலிகளுக்கு நடுவே நடக்க விட்டோம். பீப்... பீப்... கைதட்டல்! இரண்டாம் பரிசு! சர்ட்டிபிகேட்டை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப் போயிருந்தது. பார்வையில்லாத ஒருவர்கூட அந்தக் குச்சியைத் தொட்டதில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் யோசிக்கவும் இல்லை.

"சரி, கொண்டு வா. ஊரைச் சுத்திப் பாக்கலாம்" என்றார் அண்ணன்.

கன்னத்தில் ஒரு காம்பஸ்

மணக்குள விநாயகர் கோயில் வாசலில் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சந்தித்தோம். "நான் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறேன்னு முதல்ல பாரு. உன் குச்சியை அப்புறம் பாப்போம்" என்றார். நீங்களும் கூட வாங்க.

கோயில் தெரு என்றால் அவருக்குக் கற்பூரம், அருகம்புல், மணியோசை. "லட்சுமி யானை இருந்த வரைக்கும் இன்னும் ஈஸி. அது வாசனையே ஒரு போர்டு" என்றார். 2022 நவம்பரில் லட்சுமி இறந்தபோது ஊரே அழுதது. அவருக்கு அழுகையோடு ஒரு அடையாளமும் போயிருக்கிறது.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளினால் திடீரென்று சத்தம் குறையும். ஊதுபத்தி மணக்கும். அதுதான் அரவிந்தர் ஆசிரமம். உங்களுக்கும் எனக்கும் அது சாம்பல் நிறக் கட்டடம். அவருக்கு அது ஒரு அமைதி. "இந்த ஊர்ல அமைதியே ஒரு லேண்ட்மார்க் தம்பி!"

கண் என்று பேசினாலே இந்த ஆசிரமத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரவிந்தரை வழிகாட்டியாகக் கொண்டவர். அதனால்தான் மருத்துவமனைக்கு 'அரவிந்த்' என்று பெயர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன அவர், அந்த விரல்களாலேயே அறுவைசிகிச்சைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு கண்புரை நீக்கினார். அந்த மருத்துவமனையின் கிளை 2003-ல் புதுச்சேரி தவளக்குப்பத்துக்கும் வந்தது. கண்புரை என்றால் டாக்டர் சரிசெய்வார். ஆனால் சரிசெய்ய முடியாத கண்களும் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் பலருக்குத் தேவை ஆபரேஷன் அல்ல. தெருவும், புத்தகமும், போனும் அவர்களுக்கு ஒத்துழைக்க வேண்டும். அங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் வருது!

கடலுக்கு இணையான ஒரு வீதியில் தெற்கு நோக்கி நடந்தோம். அண்ணன் கண்களை மூடச் சொன்னார். மூடினேன். நீங்களும் மூடிப் பாருங்க. (சரி, படிக்கணுமே... ஒரு கண்ணைத் திறந்துக்கோங்க.)

"கடல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றேன். தெற்கே நடந்தால் கிழக்கு இடதுதானே? கணக்கு.

"கணக்கு வேணாம். கன்னத்தைக் கேளு."

சுவரை ஒட்டி நடக்கும்போது காற்றே இல்லை. திடீரென்று இடது கன்னத்தில் ஜில்லென்று ஒரு அடி! ஒரு குறுக்குத் தெரு கடலைப் பார்த்துத் திறக்கிறது. மறுபடி சுவர், காற்று நின்றது. மறுபடி ஜில்! "இது ரெண்டாவது தெரு. இப்படி எண்ணிக்கிட்டே போவேன்" என்றார்.

புதுச்சேரியின் தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி என்று படித்திருப்பீர்கள். 1693-ல் இருந்து 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இந்தக் கட்டங்களுக்கான வரைபடமே அவர்கள் காலத்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியபோதும் நேர்கோடுகள் தொடர்ந்தன. எந்தக் கவர்னரும் பார்வையில்லாதவர்களை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனாலும் வலது பக்கம் திரும்பினால் அது நிஜமாகவே வலது பக்கமாக இருக்கும் ஊர் அண்ணனுக்கு வசதியாக அமைந்துவிட்டது.

நீலத் தெருப்பலகைகள் தமிழும் பிரெஞ்சும் பேசுகின்றன. விரலோடு பேசும் பலகை நாங்கள் நடந்த வழியில் தட்டுப்படவில்லை. அவற்றுக்குப் பதிலாகத்தான் காற்று.

குச்சி மண்ணைக் கவ்விய கதை

இப்போது என் முறை. வலது கையில் என் ஸ்மார்ட் ஸ்டிக்கைக் கொடுத்தேன். தன்னுடைய மடக்கும் வெள்ளைக் குச்சியை அவர் பையில் வைக்கவில்லை. இடது கையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நம்பிக்கை இல்லையே!

முதல் நிமிடமே பஸ்ஸர் அலறியது. ஒரு டூரிஸ்ட் குடும்பம் குறுக்கே போனது. பீப். நின்றிருந்த ஆட்டோ. பீப். சும்மா நின்ற ஒரு நாய். பீப் பீப். தெருவே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் நின்றார். "தம்பி, தப்பா எடுத்துக்காத. எனக்குக் கண்ணும் காதும் ஒண்ணு. வண்டி எங்க வருது, ஆள் எங்க நிக்கிறாங்கன்னு எல்லாம் காதுலதான் பாக்கிறேன். நீ அந்தக் காதுக்குள்ளயே ஒரு ஹாரனை வெச்சுட்டியே!"

பஸ்ஸரை நிறுத்தி, நானே வாயால் "இருக்கு, இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்தது, நடைபாதையில் ஒரு சிமென்ட் பலகை உடைந்த இடம். கீழே சாக்கடை. என் குச்சி கம்மென்று இருந்தது. இருக்காதா பின்னே? அது முன்னால் இருக்கும் பொருளைத்தான் தேடும். பள்ளம் என்பது பொருள் இல்லையே, பொருள் இல்லாமல் போன இடம்! அண்ணனின் வெள்ளைக் குச்சி டக்கென்று பள்ளத்தைத் தொட்டது. ஒரே எட்டில் தாண்டினார். பின்னால் வந்த நான்தான் தடுமாறினேன்.

அடுத்தது, சாய்ந்து நின்ற ஒரு பைக். சாய்வான பரப்பில் மோதும் ஒலி நேரே திரும்பி வராது, வேறு திசைக்குத் தெறித்துப் போகும். சென்ஸார் 'ரோடு காலி' என்று நினைத்தது. வெள்ளைக் குச்சி டயரைக் கண்டுபிடித்தது.

கடைசியாக அந்தக் காகிதப்பூ. நம்ம எல்லாருடைய ஆல்பத்திலும் இருக்கும் அதே காகிதப்பூ. ஒரு சுவரைத் தாண்டி முகம் உயரத்துக்கு ஒரு கிளை தொங்கியது. நான் போட்டோ எடுக்கலாமா என்று யோசித்த அதே வினாடி, அதன் முள் அண்ணனின் கன்னத்தைக் கீறிவிட்டது. வெள்ளைக் குச்சி அதைச் சொல்லவில்லை, அது தரையை மட்டும்தான் தொடும். என் குச்சியும் சொல்லவில்லை. சென்ஸாரை முழங்கால் உயரத்தில் நேரே பார்த்து ஒட்டியிருந்தேன், நாற்காலியைக் கண்டுபிடிக்க!

கர்சீப்பால் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது: "இடுப்புக்குக் கீழ இருக்கிறதை என் குச்சியே பாத்துக்கும். எனக்கு வேணும்னா இடுப்புக்கு மேல சொல்லு. தொங்குற கிளை, லாரியோட பின்பக்கம், திறந்த ஜன்னல் கதவு. நீ எங்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே..."

அந்த ஒரே வாக்கியத்தில் என் இரண்டாம் பரிசு போச்சு. லேமினேஷன் மட்டும் மிச்சம்.

பன்னிரண்டு புள்ளியை ஆறாக்கிய பையன்

மூலையில் இருந்த கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பிரெஞ்சுத் தெருவில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். லூயி பிரெய்ல்.

1809-ல் பிறந்தவர். அப்பா குதிரைக்குச் சேணம் செய்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண் போனது, தொற்று பரவி இன்னொன்றும் போனது. பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் படித்தார். அங்கே சார்ல் பார்பியே என்பவர் கண்டுபிடித்த ஒரு புள்ளி எழுத்து வந்தது. பார்பியே பார்வையுள்ளவர். நல்ல மனிதர், நல்ல ஐடியா. ஆனால் ஒரு எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரை! ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. விரலை மேலும் கீழும் ஓட்டித் தடவ வேண்டும்.

அந்தக் குறையைப் பார்பியே கண்டுபிடிக்கவில்லை, விரலால் படித்த பையன் கண்டுபிடித்தான். 1824-ல், பதினைந்து வயதில், பிரெய்ல் அதை ஆறு புள்ளியாகக் குறைத்தார். 1829-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆறு புள்ளி என்றால் நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ஆறு பிட். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. வெற்றிடத்தைக் கழித்தால் 63 வடிவங்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஒரு ஸ்கூல் பையன் போட்ட பைனரி கோடு!

இந்தியாவில் 1951-ல் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக 'பாரதி பிரெய்ல்' வந்தது. தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது. 'அ' என்றால் முதல் புள்ளி மட்டும். 'ம' என்றால் ஒன்று, மூன்று, நான்கு. அச்சில் புள்ளி எழுத்தின் தலையில் உட்காரும். பிரெய்லில் அது மெய்யெழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், 'அடுத்து வருவது மெய்' என்று விரலுக்கு முன்கூட்டியே சொல்வதற்காக. 'கெ' எழுதும்போது நாம் கொம்பை முதலில் போட்டு அப்புறம் 'க' போடுவோம். பிரெய்லில் உச்சரிக்கிற வரிசையிலேயே 'க', பிறகு 'எ'. "உங்க எழுத்தைவிட எங்க எழுத்து லாஜிக்கானது" என்று அண்ணன் காலரைத் தூக்கிவிட்டார்.

யோசித்துப் பாருங்க. கைத்தடிக்கு முதலில் வெள்ளை பெயின்ட் அடித்தவர் யார்? 1921-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜேம்ஸ் பிக்ஸ். விபத்தில் பார்வை இழந்தவர், வண்டிக்காரர்கள் தன்னைக் கவனிக்கட்டும் என்று அடித்தார். கம்ப்யூட்டர் திரையைப் படித்துக் காட்டும் 'ஜாஸ்' மென்பொருள்? 1989-ல் வந்தது. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் செய்தது. அதை வாங்கக் காசில்லாதவர்களுக்காக 2006-ல் தொடங்கிய இலவச 'என்விடிஏ'? ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே. இருவருக்குமே பார்வை இல்லை. ஆண்ட்ராய்டு போனைப் பேச வைத்த முயற்சியில் முன்னால் நின்ற டி.வி. ராமன்? பள்ளி வயதில் கண்ணிறுக்க நோயால் பார்வை இழந்து, மும்பை ஐஐடி-யில் படித்து, 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

இந்த லிஸ்ட்டில் யாருமே நமக்காக யாராவது செய்து தரட்டும் என்று காத்திருக்கவில்லை. தேவை எதுவென்று தெரிந்தவரே டிசைனர்!

அப்போ பார்வை உள்ளவங்க செய்யவே கூடாதா?

டீயை வைத்துவிட்டு இதைத்தான் கேட்டேன். கொஞ்சம் ரோஷமாகவே.

"செய்யலாமே. டெல்லிப் பசங்க செஞ்சாங்களே" என்றார்.

அவர் சொன்னது டெல்லி ஐஐடி-யின் 'ஸ்மார்ட்கேன்'. அதுவும் எங்களுடையது மாதிரி ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டாகத்தான் 2005 வாக்கில் தொடங்கியது. பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணன் வழிகாட்ட, ரோஹன் பால் போன்ற மாணவர்கள் இறங்கினார்கள். ஆனால் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். டெமோ முடிந்ததும் அவர்கள் பெட்டியை மூடவில்லை. பார்வையற்றவர்கள் கையில் கொடுத்து, குறை கேட்டு, மாற்றி, மறுபடி கொடுத்து... சந்தைக்கு வந்தது 2014-ல். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்!

அது வெள்ளைக் குச்சியைத் தூக்கிப் போடவில்லை. அதே குச்சியின் கைப்பிடியில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். தரையைக் குச்சி பார்த்துக்கொள்ளும். முழங்காலுக்கு மேலே, முகம் வரைக்கும் இருப்பதைப் பெட்டி மூன்று மீட்டர் தூரம் வரை தேடும். பஸ்ஸர் கிடையாது. கைப்பிடி அதிரும், பொருள் நெருங்க நெருங்க அதிர்வு மாறும். காது ஃப்ரீ! விலையும் வெளிநாட்டுக் கருவிகள் மாதிரி ஆளை விழுங்காமல் மூவாயிரம் ரூபாய் அளவில் வைத்தார்கள். தயாரித்தது யார் தெரியுமா? நம்ம சென்னை நிறுவனமான ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

நான் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் அண்ணனிடம் கற்ற நாலு பாடமும் அந்தப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நான் காகிதப்பூ முள்ளில் தெரிந்துகொண்டேன். முள் குத்தியதுகூட எனக்கு இல்லை.

எம்... கே... செமிகோலன்...

ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அண்ணனுக்கு இந்த ஊரிலேயே பிடித்த நேரம் அதுதான். அப்போது அவர் குச்சியை மடித்துவிட்டுச் சும்மா நடப்பார். வலது பக்கம் ஊர், இடது பக்கம் பாறையில் அறையும் அலை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைத் தொட்டுக் காட்டினார். செஞ்சியிலிருந்து வந்த தூண்கள். நான் நூறு தடவை அங்கே போட்டோ எடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

சுண்டல் வாங்கினோம். அண்ணன் நூறு ரூபாய் நோட்டை விரலால் தடவி எடுத்தார். 2016-க்குப் பிறகு வந்த நோட்டுகளில் ஓரத்தில் மேடான கோடுகள் இருக்கும். நூறுக்கு நாலு, ஐந்நூறுக்கு ஐந்து. "புது நோட்டுன்னா தெரியும். நாலு கை மாறிட்டா மொழுமொழுன்னு ஆயிடும்" என்றார். அதற்காக 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு மொபைல் ஆப் வெளியிட்டது. கேமராவில் காட்டினால் நோட்டின் மதிப்பைச் சொல்லும்.

பிறகு அவர் போனைக் காதில் வைத்தார். தமிழில் யாரோ நாலு மடங்கு வேகத்தில் பேசுகிற மாதிரி கேட்டது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் அந்த வேகத்தில் ஒரு முழுக் கட்டுரையைக் கேட்டு முடித்தார்!

இந்தத் தமிழ்க் குரலுக்குப் பின்னாலும் நிறைய உழைப்பு இருக்கிறது. சென்னை ஐஐடி, எஸ்.எஸ்.என். கல்லூரி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் என்று பல இடங்களில் தமிழைப் பேச வைக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கஷ்டம் எங்கே தெரியுமா? 'கல்', 'பகல்', 'தங்கம்'... மூன்றிலும் ஒரே 'க'. ஆனால் சத்தம் மூன்று! நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லித் தர வேண்டும்.

"இவ்வளவு இருக்கே, அப்புறம் என்னண்ணா பிரச்னை?" என்றேன்.

பதிலுக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பாடக்குறிப்பைத் திறந்து எனக்குக் கேட்கிற வேகத்தில் ஓட விட்டார். "எம்... கே... செமிகோலன்... கே... ஹெச்..."

"என்ன வார்த்தை சொல்லு பாப்போம்?"

முழித்தேன்.

"அம்மா!"

விஷயம் இதுதான். 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தால் திரையில் தெரிவது தமிழ். ஆனால் கம்ப்யூட்டருக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி! உங்கள் கண் முகமூடியைப் பார்க்கிறது. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. யூனிகோடில் அடித்தால் 'அ'-வுக்கு அதற்கே சொந்தமான எண் உண்டு. குரல் சரியாக 'அம்மா' என்று சொல்லும். போனில் நாம் அடிக்கும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான். ஆனால் டி.டி.பி. சென்டரில் அடித்து வரும் நோட்ஸ்களில் பழைய முகமூடி இன்னும் நிறைய உலவுகிறது.

அதைவிடப் பெரிய வில்லன், போனில் படம் பிடித்து அனுப்பும் நோட்ஸ். உங்களுக்கு அது பத்துப் பக்கம். அவர் போனுக்கு அது பத்துப் படம், உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கையெழுத்து கோழி கிறுக்கல் என்றால் அவை திணறும். பழைய புத்தகம் என்றால் இன்னொரு சிக்கல். 1978-ல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் 'ணா', 'றா', 'லை' எல்லாம் வேறு உருவம். தமிழ் எம்.ஏ. படிக்கிறவருக்கு அந்தப் பழைய புத்தகங்கள்தானே பாடம்!

காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கு இப்படிப்பட்ட மென்பொருள்களோடு வசதி செய்திருக்கிறார்கள். சட்டமும் நம் பக்கம்தான். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, லாப நோக்கமில்லாமல் ஒரு புத்தகத்தை மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவுக்கு மாற்றித் தருவது குற்றமில்லை. இதற்கான உலக ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதன்முதலாக ஏற்று உறுதி செய்த நாடே இந்தியாதான். கதவு திறந்தே இருக்கிறது. டைப் அடிக்க ஆள்தான் வேண்டும்.

"நீ குச்சி செய்யறதுக்குச் செலவழிச்ச மூணு மாசத்துல எனக்கு ஒரு புத்தகத்தை யூனிகோடுல அடிச்சுக் கொடுத்திருந்தா, நான் நெட் எக்ஸாமுக்கு ரெடியாகியிருப்பேன்" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுண்டல் இறங்கவில்லை.

கலங்கரை விளக்கம் சொன்னது

காந்தி சிலைக்கு எதிரே பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1836-ல் விளக்கேற்றினார்கள். 1979-ல் புதியது வரும் வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது. அதை அண்ணனுக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். "எதுக்குக் கட்டினாங்க?" என்று தெரியாதவர் மாதிரி கேட்டார்.

"ராத்திரியில மாலுமிக்குக் கரை தெரியாதே..."

"பாத்தியா! கண்ணு இருந்தும் தெரியாதவங்களுக்கு ஊரே சேர்ந்து கோபுரம் கட்டுது. அதை யாரும் தர்மம்னு சொல்லல. துறைமுகத்தோட வேலைன்னு சொன்னாங்க. எனக்குக் கேட்கிறதும் அதேதான்."

என் குச்சியை வாங்கி, சென்ஸாரைப் பெயர்த்து, மேல்நோக்கிச் சாய்த்துக் கையால் பிடித்துக் காட்டினார். "இப்படி வை. பஸ்ஸரைத் தூக்கு, மொபைல்ல வர்ற வைப்ரேட்டரைப் போடு. பைப்பைத் தூக்கி எறி, என் குச்சியிலயே மாட்டுற மாதிரி பண்ணு. அடுத்த மாசம் கொண்டு வா. அதே காகிதப்பூ கிட்ட போவோம்." ப்ராஜெக்ட் கைடு கிடைத்துவிட்டார்!

உங்களுக்கும் கொஞ்சம் ஹோம்வொர்க் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்.

இனி நோட்ஸ் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் யூனிகோடில் அடித்து அனுப்புங்க. காலேஜ் வெப்சைட்டையோ ஆப்பையோ நீங்க செய்தால், ஒவ்வொரு படத்துக்கும் பட்டனுக்கும் அது என்னவென்று ஒரு வரி எழுதி வையுங்க. அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் "பட்டன்... பட்டன்... பட்டன்" என்று மட்டுமே சொல்லும். ரயில்வே பிளாட்பாரத்தில் மேடான மஞ்சள் டைல்ஸ் பார்த்திருப்பீங்க. 1967-ல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் போடப்பட்டது. கோடு என்றால் 'போ', புள்ளி என்றால் 'நில்'. அது டிசைன் இல்லை, வழி! அதன் மேல் பையை வைக்காதீங்க, பைக்கையும் நிறுத்தாதீங்க. உங்கள் ஊரில் ஸ்க்ரைப் தேவைப்படும் மாணவர்கள் இருப்பார்கள். மூன்று மணி நேரம் கொடுங்க. எழுத்துப் பிழை இல்லாமல்!

எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபைனல் இயருக்கு ஸ்மார்ட் ஸ்டிக் செய்யப் போகிற டீம் எதுவாக இருந்தாலும் சரி... கடைக்குப் போய் சென்ஸார் வாங்கும் முன், குச்சியோடு நடக்கும் ஒருவரிடம் போய்க் கேளுங்க. ஒரு டீ செலவுதான் ஆகும்.

அடுத்த மாசம் குச்சியோடு நான் மறுபடி அங்கே போகிறேன். இந்த முறை பரிசு இல்லை, டெஸ்ட். காகிதப்பூ பாஸ் போடுதா என்று பார்ப்போம்!